பிட்யூட்டரி அருகிலுள்ள நீர்க்கட்டி அறுவைக்குப் பின் வரும் தலைவலி: வீட்டில் கவனிக்க வேண்டிய முறை

என் தங்கைக்கு மூக்கின் வழியாக அறுவை செய்து, மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியை ஒட்டியிருந்த நீர்க்கட்டியை வடித்தெடுத்த ஏழாம் நாள் காலையில் தலைவலி தொடங்கியது. திருவனந்தபுரத்திலிருந்து செங்கோட்டை வீட்டுக்கு அவளை அழைத்து வந்து அப்போது மூன்று நாள்தான் ஆகியிருந்தது. அறுவைக்கு முன் இரண்டு ஆண்டுகளாக அவளை வாட்டிய வலி கண்ணுக்குப் பின்னால் நின்று குத்தும். இதுவோ தலை முழுவதும் கனத்து, குமட்டலையும் கூட்டிக்கொண்டு வந்தது. பித்தம் என்றார் பெரியம்மா. சுக்குக் காப்பி, இளநீர், கஞ்சித் தண்ணீர் என்று நாள் முழுவதும் குடிக்கக் கொடுத்தோம். விளக்கு வைக்கும் நேரத்தில் அவள் என்னை “அம்மா” என்று அழைத்து, அடுப்பை அணைத்தாயா என்று கேட்டாள். எங்கள் அம்மா இறந்து ஆறு ஆண்டாகிறது. உடனே தென்காசிக்குக் கொண்டு சென்றோம். இரத்தத்தில் 135க்குக் குறையக் கூடாத சோடியம் 121 ஆக இறங்கியிருந்தது. வலி தீரட்டும் என்று நாங்கள் ஊட்டிய தண்ணீரே அந்த எண்ணை மேலும் கீழே தள்ளியிருந்தது.

இந்த அறுவைக்குப் பின் வரும் தலைவலி ஒன்றல்ல, பல. ஒன்றுக்கு மருந்தாக இருப்பது இன்னொன்றுக்குக் கேடாக முடியும் என்பதை அன்று கற்றேன். எனவே மாத்திரையைத் தேடுவதற்கு முன், வலி எந்த நாளில் வந்தது, படுத்தால் குறைகிறதா கூடுகிறதா, கூடவே வேறு என்ன வந்தது என்ற மூன்றையும் கேட்டறிய வேண்டும். நான் மருத்துவர் அல்ல. மூன்று மாதம் உடனிருந்து கவனித்தவள், கேட்டுப் படித்துத் தெரிந்துகொண்டவள். அறுவை செய்த மருத்துவர் தந்த தாளில் இதற்கு மாறாக எதுவும் எழுதியிருந்தால் அந்தத் தாளைத்தான் பின்பற்ற வேண்டும்.

எங்கே, ஏன் வலிக்கிறது

பிட்யூட்டரி சுரப்பி பட்டாணி அளவே உள்ளது. மூக்கின் பின்கோடியில், ஸ்பீனாய்டு எலும்பில் குதிரைச் சேணம் போலக் குழிந்த ஓர் இடத்தில் அமர்ந்திருக்கிறது. அதன் அருகில் வரும் புற்றல்லாத நீர்க்கட்டிகளில் முக்கியமானது ராத்கே பிளவுக் கட்டி. கருவில் அந்தச் சுரப்பியின் முன்பகுதி உருவாகும் சிறு பையின் மிச்சம் மூடாமல் நின்று, பிறகு நீர் சேர்ந்து வளர்வதால் இது உண்டாகிறது. அந்தப் பையை 1838ஆம் ஆண்டில் விவரித்த மார்ட்டின் ராத்கே என்னும் ஜெர்மானிய உடற்கூற்று அறிஞரின் பெயரே கட்டிக்கும் நின்றுவிட்டது. பெரும்பாலோருக்கு இக்கட்டி இருப்பதே தெரியாது. சுரப்பியையோ, சற்று மேலே பார்வை நரம்புகள் குறுக்காகச் சந்திக்கும் இடத்தையோ அழுத்தும்போதும், கட்டிக்குள் உள்ள பசைநீர் கசிந்து சுற்றியுள்ள சவ்வைப் புண்ணாக்கும்போதும்தான் தலைவலி, பார்வைக் குறை, ஹார்மோன் குறைபாடு ஆகியவை வருகின்றன.

அறுவையின்போது மூக்கின் உட்பகுதியைக் கடந்து, ஸ்பீனாய்டு அறையைத் திறந்து, சேணத்தின் அடித்தளத்தில் சிறு துளையிட்டுக் கட்டியை வடிக்கிறார்கள். தேவைப்பட்டால் வயிற்றிலோ தொடையிலோ இருந்து சிறிது கொழுப்பை எடுத்தோ, மூக்கின் உள்தோலைத் திருப்பி வைத்தோ துளையை அடைக்கிறார்கள். வெளியே ஒரு தையலும் தெரியாது. பார்க்க வருபவர்கள் “ஆபரேஷன் செய்த மாதிரியே இல்லையே” என்று சொல்லிப் போவதும், நோயாளியே அதை நம்பிக் குனிந்து வாளியைத் தூக்குவதும் இதனால்தான். உள்ளே ஒரு புண்ணும், மூளையைச் சுற்றியுள்ள நீருக்கும் மூக்குக்கும் நடுவே புதிதாக அடைத்த ஒரு வாசலும் இருக்கின்றன என்பதை வீட்டில் உள்ள அனைவரும் மனத்தில் வைத்திருக்க வேண்டும்.

சாதாரண வலியும் அதைத் தணிக்கும் வழியும்

முதல் இரண்டு வாரங்களில் நெற்றியிலும் மூக்குத் தண்டிலும் கன்னத்து மேட்டிலும் அடைத்தாற்போல வரும் வலி, பெரும்பாலும் மூக்கினுள் உள்ள வீக்கத்தாலும் உறைந்த இரத்தத்தாலும் பொருக்காலும் வருவது. காலையில் கூடுதலாகவும், எழுந்து நடமாடியபின் குறைவாகவும் இருக்கும். நாளுக்கு நாள் இறங்கும். இந்த இறங்குமுகமே நல்ல அடையாளம்.

இதற்குத் தலைமாட்டை உயர்த்திப் படுப்பதே முதல் வைத்தியம். கழுத்துக்கு மட்டும் இரண்டு தலையணை வைத்தால் கழுத்து மடங்கி, பிடரியிலிருந்து வேறொரு வலி கிளம்பும். கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்குக் கீழே செங்கல் வைப்பதோ, மெத்தைக்கு அடியில் மடித்த ஜமக்காளத்தை இடுப்பிலிருந்து சரிவாகக் கொடுப்பதோ நல்லது. மருத்துவமனைக் கட்டிலில் சுமார் 30 டிகிரி வைத்திருப்பார்கள். அதையே வீட்டில் கொண்டுவர முயல வேண்டும். நெற்றியில் ஈரத் துணியும், பிடரியில் இளஞ்சூட்டுத் துணியும் என் தங்கைக்கு மாத்திரைக்கு நிகராக உதவின.

மாத்திரையில் பாராசிட்டமால்தான் முதலில் வர வேண்டும். 50 கிலோவுக்கு மேல் எடையுள்ள, கல்லீரல் நலமாக உள்ள பெரியவர்கள் ஒரு வேளைக்கு 500 முதல் 1000 மில்லிகிராம் வரை, ஆறு மணி நேர இடைவெளியில் எடுக்கலாம். ஒரு நாளில் 4 கிராமைத் தாண்டவே கூடாது. டோலோ, கால்பால், குரோசின் என்று பெயர்தான் வேறு, மருந்து ஒன்றே. சளி மாத்திரைகள் பலவற்றிலும், சாரிடானிலும்கூட அதுவே கலந்திருக்கிறது என்பதால் இரண்டையும் சேர்த்துப் போட்டு அளவை மீறிவிடக் கூடாது. ஆஸ்பிரின் வேண்டாம், ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்றவற்றை அறுவை மருத்துவர் அனுமதித்தால் மட்டுமே தொட வேண்டும், ஏனெனில் அவை இரத்தக் கசிவுக்கு இடம் தரலாம், அதிகச் சிறுநீருக்காக டெஸ்மோபிரசின் எடுத்துவருபவர்களுக்கு உடலில் நீர் தேங்குவதையும் அவை கூட்டும். டிரமடால் போன்ற வீரியமான மாத்திரைகள் மலச்சிக்கலைக் கொண்டுவரும். முக்கினால் தலைக்குள் அழுத்தம் ஏறும். அதனால் அவற்றைக் கொடுத்திருந்தால் மலமிளக்கியையும் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

நாள்தோறும் நான்கு காப்பி குடித்துப் பழகியவர் மருத்துவமனையில் திடீரென நிறுத்தினால் அதுவும் வலிக்கும். காலையில் ஒரு சிறு டம்ளர் போதும். ஆனால் படுத்திருக்கையில் இல்லாமல் எழுந்ததும் வரும் வலி காப்பியால் சற்று அடங்கினால் அதை நல்லதென்று எண்ணிவிட வேண்டாம். காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

நான்காம் நாள் முதல் பத்தாம் நாள் வரை: சோடியம்

அறுவையால் சலனப்பட்ட சுரப்பியின் பின்பகுதி, உடலில் நீரைத் தக்கவைக்கும் ஹார்மோனைத் தேவைக்கு மேல் வெளியிடும்போது, இரத்தத்தில் சோடியம் நீர்த்துப் போகிறது. இது பெரும்பாலும் நான்காம் நாளுக்கும் பத்தாம் நாளுக்கும் இடையில், ஏழாம் நாளை ஒட்டி நடக்கிறது. மூன்று, நான்கு நாளில் வீட்டுக்கு அனுப்பிவிடுவதால் இந்த ஆபத்து மருத்துவமனையில் அல்ல, வீட்டில்தான் வருகிறது. தலை முழுவதும் கனமான வலி, குமட்டல், பசியின்மை, சோர்வு, எரிச்சல், பேச்சில் தடுமாற்றம், முற்றினால் வலிப்பு என்று வரிசையாக வரும். இதற்குப் பாராசிட்டமால் பயன்படாது.

எங்கள் பக்கத்தில் எந்த நோவுக்கும் முதல் பதில் “நிறையக் குடி, சூடு தணியும்” என்பதுதான். மலையாள நாட்டுப் பக்கத்து உறவினர் வந்தால் பதிமுகம் என்னும் மரச்சீவல் போட்ட தண்ணீரும் கஞ்சி வெள்ளமும் கூடவே வரும். இந்தப் பத்து நாளில் அந்த வழக்கத்தைத் தள்ளி வைக்க வேண்டும். பல மருத்துவர்கள் நாளொன்றுக்கு ஒன்று முதல் ஒன்றரை லிட்டர் என்று அளவு குறித்தே அனுப்புகிறார்கள். காப்பி, மோர், ரசம், கஞ்சி எல்லாம் அந்தக் கணக்கில் சேரும். அளவு குறிக்கவில்லை என்றால் வீடு திரும்பும் முன் கேட்டு எழுதி வாங்க வேண்டும். நான் ஒரு லிட்டர் பாட்டிலைக் காலையில் நிரப்பி வைத்து, அவள் எதைக் குடித்தாலும் அதே அளவு தண்ணீரை அதிலிருந்து செடிக்கு ஊற்றிவிடுவேன். பாட்டில் காலியானால் அன்றைய கணக்கு முடிந்தது.

மூக்கு அடைத்திருப்பதால் வாயால் மூச்சு விட்டு நாக்கு வறண்டுபோகும், அது தாகமல்ல. வாயைக் கொப்பளித்துத் துப்புவதும், உதட்டில் வெண்ணெய் தடவுவதும் போதும். மாறாக, உண்மையிலேயே தாகம் அடங்காமல், வெளிறிய சிறுநீர் ஒரு நாளில் 3 லிட்டரைத் தாண்டிப் போனால், அது நீர் தக்கவைக்கும் ஹார்மோன் குறைந்துபோன எதிர்நிலை. அப்போது தண்ணீரை அடக்குவது தவறு, உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். இவ்விரண்டையும் கண்ணால் பிரிப்பது கடினம் என்பதால், ஆறாம் ஏழாம் நாளில் ஊரிலுள்ள எந்த லேபிலாவது சோடியம் பார்த்துவிடுவதே அறிவு. சாதாரண அளவு 135 முதல் 145 வரை. குறைந்திருந்தால் உப்புத் தண்ணீரைக் கரைத்துக் குடிக்க வைத்து வீட்டிலேயே சரிசெய்ய முயல வேண்டாம். வேகமாக ஏற்றினால் மூளை நரம்புகளுக்குச் சேதம் நேரும் என்பதால், மருத்துவமனையில் நாட்கணக்கில் மெல்ல மெல்லத்தான் ஏற்றுவார்கள்.

மூக்கில் வடியும் நீர் “நீர்க்கோவை” அல்லாமல் இருக்கலாம்

அடைத்த வாசல் வழியாக மூளையைச் சுற்றியுள்ள நீர் கசிந்தால், உட்காரும்போதும் நிற்கும்போதும் வலி கூடி, படுத்த சில நிமிடங்களில் குறையும். காப்பி இந்த வலியைத் தற்காலிகமாக மறைத்துவிடும். மேலே எச்சரித்தது இதனால்தான். முன்னால் சாய்ந்தால் ஒரு பக்க மூக்கிலிருந்து தெளிந்த நீர் சொட்டும், அல்லது தொண்டைக்குள் இறங்கி உப்புக் கரிக்கும். சளி கைக்குட்டையில் காய்ந்தால் துணி விறைக்கும். இந்த நீர் காய்ந்தால் துணி மெதுவாகவே இருக்கும். வீட்டில் குனிய வைத்துச் சோதிக்க வேண்டாம். தானாகச் சொட்டுவதைச் சுத்தமான சிறு பாட்டிலில் பிடித்துக்கொண்டு அன்றே புறப்பட வேண்டும். அதைத் தடிமன் பிடித்தது என்று எண்ணி நெற்றியில் பற்றுப் போட்டுவிட்டுக் காத்திருப்பது, மூக்கிலுள்ள கிருமிகள் மூளைச் சவ்வுக்கு ஏறக் காலம் கொடுப்பதாகும். நெற்றிப் பற்று தன்னளவில் பெரிய கேடல்ல, காத்திருப்புதான் கேடு.

நசியத்தைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும், ஏனெனில் புனலூர், கொல்லம் பக்கம் தலைவலி என்றால் வைத்தியசாலையில் மூக்கில் தைலம் விடுவது வழக்கம். எங்கள் ஊரிலும் அதில் நம்பிக்கை உண்டு. வேறு தலைவலிக்கு அது எப்படியோ, புதிதாக அடைத்த வாசலுக்கு அடியில் எண்ணெயை ஊற்றுவது கூடவே கூடாது. அறுவை மருத்துவர் மூக்கின் உள்ளே பார்த்து ஆறிவிட்டது என்று சொல்லும்வரை, தைலமும் பொடியும் விக்ஸும் மூக்குக்குள் போகக் கூடாது. ஆவி பிடிப்பதையும் கேட்காமல் செய்யக் கூடாது.

உப்புநீரால் மூக்கைக் கழுவச் சொல்லியிருந்தால், தண்ணீரைத் தளதளவென்று குறைந்தது ஒரு நிமிடம் கொதிக்க வைத்து ஆற்றியே பயன்படுத்த வேண்டும். கேரளத்தில் 2024, 2025 ஆண்டுகளில் அமீபா மூளைக்காய்ச்சல் பலரைத் தாக்கியது நமக்குத் தெரியும். அந்த அமீபா பெரும்பாலும் மூக்கு வழியாகத்தான் நுழைகிறது. குளத்திலும் ஆற்றிலும் முங்குவது வேண்டாம். சீசன் நேரமாக இருந்தால் குற்றாலம் போகலாம் என்று வீட்டில் ஆசைப்படுவார்கள். உச்சந்தலையில் அருவி விழுவதும், மூக்கில் நீர் ஏறுவதும், வழுக்குப் பாறையும் நோயாளிக்கு ஆகாதவை. மருத்துவர் அனுமதிக்கும்வரை அந்த அருவியை அவர் தூரத்திலிருந்துதான் பார்க்க வேண்டும்.

அழுத்தம் ஏறாமல் பார்த்துக்கொள்ளுதல்

நான்கு முதல் ஆறு வாரங்களுக்கு மூக்கைச் சிந்தக் கூடாது. தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும். ஐந்து கிலோவுக்கு மேல் தூக்குவது, கிணற்றில் நீர் இறைப்பது, குனிந்து கோலம் போடுவது, கோயிலில் விழுந்து வணங்குவது எல்லாம் பிறகு. இளநீரையும் ஸ்ட்ரா போட்டு உறிஞ்சாமல் டம்ளரில் ஊற்றிக் குடிக்கலாம். குந்தி உட்காரும் கழிப்பறையைவிட நாற்காலிக் கழிப்பறை நல்லது; வாழைப்பழமும் கீரையும் தினமும் இருக்கட்டும்.

திரும்பி வரும் வழியும் ஒரு சோதனையே. திருவனந்தபுரத்திலிருந்து செங்கோட்டைக்குச் சுமார் 100 கிலோமீட்டர். குளத்துப்புழை, தென்மலை, ஆரியங்காவு என்று வளைந்து வளைந்து ஏறும் சாலையில் வாந்தி வந்தால் அது இந்த நோயாளிக்கு வெறும் வாந்தியல்ல. புறப்படும் முன் வாந்தி மாத்திரை கேட்டு வாங்கி, முன் இருக்கையில் சாய்ந்து உட்கார வைத்து, ஓட்டுநரிடம் வளைவுகளில் மெதுவாகப் போகச் சொல்ல வேண்டும்.

ஸ்டீராய்டு மாத்திரையை விடக் கூடாது

சுரப்பி சோர்ந்திருந்தால், கார்ட்டிசால் என்னும் ஹார்மோன் குறைந்து தலைவலியும் தலைச்சுற்றலும் குமட்டலும் படுக்கையை விட்டு எழ முடியாத அயர்வும் வரும். அதற்காகவே ஹைட்ரோகார்டிசோன் அல்லது பிரெட்னிசோலோன் கொடுக்கிறார்கள். “ஸ்டீராய்டு கெடுதல்” என்று பக்கத்து வீட்டார் சொன்னதைக் கேட்டு ஒருவேளைகூட நிறுத்தக் கூடாது. குறைப்பதானால் மருத்துவரே படிப்படியாகக் குறைப்பார். காய்ச்சல் வந்தால் அளவைக் கூட்ட வேண்டும் என்பதையும், எவ்வளவு கூட்டுவது என்பதையும் முன்கூட்டியே எழுதி வாங்கி வையுங்கள். வாந்தியால் மாத்திரை தங்கவில்லை என்றால் ஊசியாகப் போட வேண்டியிருக்கும். விடியட்டும் என்று இருந்துவிடாதீர்கள்.

நேரம் கடத்தாமல் புறப்பட வேண்டிய நிலைகள்

இடி விழுந்தாற்போலத் திடீரென வரும் கடும் வலி, பார்வை மங்குதல் அல்லது இரண்டிரண்டாகத் தெரிதல், 38 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சலுடன் கழுத்து விறைப்பும் வெளிச்சத்தைக் காணக் கூச்சமும், மூக்கில் நிற்காத இரத்தம், தெளிந்த நீர்ச் சொட்டு, குழப்பம், வலிப்பு ஆகிய இவற்றில் ஒன்று இருந்தாலும் 108ஐ அழைக்க வேண்டும்.

கேரளத்து மருத்துவமனைக்குத் தொலைபேசியில் சொல்லும்போது மொழி ஒரு தடையாகலாம். செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடும் பிறகு வந்த திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்த ஊர் என்பதால் எங்களுக்கு ஓரளவு மலையாளம் வரும். சங்கரன்கோவிலிலிருந்து துணைக்கு வந்திருந்த எங்கள் சித்திக்கு வராது. செவிலியர் “பனியுண்டோ?” என்று கேட்டதற்கு, இந்த வெயிலில் ஏது பனி என்று எண்ணி, “இல்லை” என்று சொல்லிவிட்டார். மலையாளத்தில் பனி என்றால் காய்ச்சல். வெள்ளம் என்றால் தண்ணீர். சர்த்தி என்றால் வாந்தி. மூக்கில் நீர் வடிந்தால் “மூக்கில் நின்னு வெள்ளம் வருன்னு” என்று சொன்னால் அவர்களுக்கு உடனே விளங்கும். டிஸ்சார்ஜ் தாள் ஆங்கிலத்தில் இருக்கும்; எங்களுக்குத் தந்த இடத்தில் யாரும் அதை வாய்விட்டு விளக்கவில்லை, தண்ணீரின் அளவு அதில் அச்சாகியே இருந்தது என்பதைப் பிறகுதான் கண்டோம். புறப்படும் முன் ஒவ்வொரு வரிக்கும் பொருள் கேளுங்கள். கேட்பதில் வெட்கம் ஏதுமில்லை.

ஆறு வாரத்துக்குப் பிறகும் வலி நீடித்தால்

கட்டியின் அழுத்தத்தால் வந்த வலி பலருக்கு அறுவைக்குப் பின் நன்றாகக் குறைகிறது. ஆயினும் முன்பே ஒற்றைத் தலைவலி இருந்தவருக்கு, கட்டி போனதும் அதுவும் போய்விடும் என்று உறுதி கூற முடியாது. அதற்குரிய தடுப்பு மருந்துகளை நரம்பியல் மருத்துவரிடம் தனியாகப் பெற வேண்டும். மூக்கில் பொருக்குத் தேங்கிச் சைனஸ் அழற்சியாகியிருக்கலாம். காது மூக்கு தொண்டை மருத்துவர் குழாய்க் கருவியால் பார்த்துச் சுத்தம் செய்தால் சிலருக்கு அன்றே பாதி வலி போய்விடுகிறது. ஹார்மோன் பார்க்கையில் காலை எட்டு மணிக் கார்ட்டிசாலோடு தைராய்டுக்கு, அதைத் தூண்டப் பிட்யூட்டரி வெளியிடும் டி.எஸ்.எச். அளவு மட்டும் போதாது, தைராய்டே சுரக்கும் ஃப்ரீ டி4 அளவும் தேவை. சுரப்பியே பழுதானபோது டி.எஸ்.எச். சரியாக இருப்பதுபோல ஏமாற்றும்.

மாத்திரையே வலியாக மாறுவதும் உண்டு. மூன்று மாதத்துக்கு மேலாக, மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ பாராசிட்டமால் எடுப்பவருக்கும், 10 நாளோ அதற்கு மேலோ கலவை மாத்திரைகள் எடுப்பவருக்கும் அந்த மாத்திரையாலேயே தினமும் தலை வலிக்கத் தொடங்கலாம். இதைக் கண்டுபிடிக்க நோட்டுப் புத்தகம் ஒன்றே வழி. என் தங்கையின் நோட்டில் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வரி: வலி பத்தில் எவ்வளவு, எந்த நேரம், படுத்தால் எப்படி, குடித்த நீர், போட்ட மாத்திரை. இரண்டாம் மாதத்தில் ஒரு பக்கத்தைப் பார்த்தபோது, இருபத்தோரு நாள் மாத்திரை போட்டிருந்தது எங்களுக்கே வியப்பாக இருந்தது. மருத்துவர் சொன்னபடி அவற்றை நிறுத்திய முதல் பத்து நாள் வலி கூடியது. அதன் பிறகு வாரத்துக்கு ஒரு நாளாக இறங்கியது.

இவ்வகைக் கட்டி மீண்டும் நீர் சேரக்கூடியது என்பதால், வழக்கமாக மூன்றாம் மாதத்தில் ஒரு எம்.ஆர்.ஐ.யும் பிறகு ஆண்டுக்கு ஒருமுறையும் எடுக்கச் சொல்கிறார்கள். அடங்கியிருந்த பழைய வலி அதே இடத்தில் திரும்பினால் அந்தத் தேதிவரை பொறுக்க வேண்டாம். போகும்போது நோட்டையும், அறுவைக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்களின் சி.டி.யையும் எடுத்துச் செல்லுங்கள். புதிய படத்தை அவற்றோடு ஒப்பிட்டால்தான் கட்டி வளர்ந்திருக்கிறதா இல்லையா என்று மருத்துவரால் சொல்ல முடியும்.